மழைத்தண்ணி எங்க போகுது? சின்ன கன்வர்டிபிள் வாங்குறவங்க கேட்ட கேள்விகள்

லேசா வெயில் எட்டிப் பார்த்தா போதும், இங்கிலாந்துல எல்லாருக்கும் காரோட கூரையைத் திறந்துட்டு ஓட்டணும்னு ஆசை வந்துடுது. இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதே விஷயம்தான், மேல திறக்கிற சின்ன கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா, நம்பி ஓட்டலாமான்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். முதல் பதில் நீளமா போயிடுச்சு, பரவாயில்ல, மத்த பதில்களுக்கும் அதுதான் அடிப்படை.

கேள்வி: அண்ணை, நான் ஹரோவில இருக்கிறன். சின்ன வயசில இருந்து மேல திறக்கிற கார் ஒண்டு வாங்கோணும் எண்டு ஆசை. இப்பதான் 4,000 பவுண்ட் சேர்ந்திருக்கு. ரெண்டு கார் பார்த்து வச்சிருக்கிறன். ஒண்டு 2007 மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரை இல்லை, பட்டன் அமத்தினா மடியிற கட்டியான கூரை, 68,000 மைல் ஓடினது. மற்றது 2009 மினி கூப்பர் எஸ் கன்வர்டிபிள், 51,000 மைல். மச்சான் சொல்லுறான், ஜப்பான் கார் எண்டா கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் எண்டு. எது நம்பிக்கையான கார்? வாங்க முதல் என்னத்தைப் பாக்கோணும்?

பதில்: தம்பி, மச்சான் சொல்றதுல பாதி சரி. எம்எக்ஸ்-5 1989ல சிகாகோ கார் ஷோல வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் மெக்கானிக்குகளுக்குப் பெருசா தலைவலி குடுக்காத கார்தான், இஞ்சின் முன்னாடி, ஓட்டம் பின் சக்கரத்துல, நடுவுல சிக்கலான சமாச்சாரம் எதுவும் கிடையாது, அதனாலதான் 2016லயே பத்து லட்சமாவது கார் ஃபேக்டரியை விட்டு வெளிய வந்துச்சு. ஆனா கண்ணை மூடிக்கிட்டு மட்டும் வாங்காதீங்க. நீங்க வாங்கப்போறது எம்எக்ஸ்-5ங்கற பேரை இல்ல, 2007ல இருந்து இங்கிலாந்து மழைலயும் ரோட்டு உப்புலயும் நின்ன ஒரே ஒரு காரை. அந்தக் கார் எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி.

சாதா கார் வாங்கும்போது நாம இஞ்சின், கியர்பாக்ஸ்னு ஆரம்பிப்போம். கூரை திறக்கிற கார்ல நான் அப்படி ஆரம்பிக்கிறதில்ல. மழை பெஞ்சா அந்தத் தண்ணி எந்த வழியா வெளிய போகுதுன்னு முதல்ல பார்ப்பேன். எதுக்குன்னு சொல்றேன். ஒரு தீப்பெட்டியை எடுத்து உள் தட்டை மட்டும் உருவி லேசா முறுக்கிப் பாருங்க, எப்படி வளையுது? மேலுறையோட சேர்த்து முறுக்கினா வளையாது. காருக்குக் கூரைதான் அந்த மேலுறை. அதை எடுத்துட்டா முழு பாரமும் முறுக்கமும் தரைத்தகட்டுக்கும், கதவுக்குக் கீழ முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் பெட்டி மாதிரி ஓடுற தகடு இருக்கே, இங்க சில்னு சொல்வாங்க, அதுக்கும்தான் போகுது. சாதா கார்ல சில் துரு பிடிச்சாலும் பிரச்சனைதான், ஆனா கன்வர்டிபிள்ல அது முதுகெலும்பு. எம்எக்ஸ்-5ல மழைத்தண்ணி கூரை ஓரத்துல ஒரு வாய்க்கால் வழியா வந்து சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு மூலையிலயும் இருக்கிற ஓட்டைல இறங்கி காருக்கு அடில போயிடணும். மரத்தடில நிறுத்துற கார்னா அந்த ஓட்டைல இலையும் சேறும் அடைச்சுக்கும். அடைச்சா தண்ணி எங்க போகும்? பொங்கி கார்பெட்டுக்குள்ள, அங்கேருந்து சில்லுக்குள்ள. வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள இருந்து தகடு அரிச்சுக்கிட்டே வரும்.

இதை நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். 2009 குளிர்காலத்துல என் மனைவிக்காக ஒரு சின்ன கன்வர்டிபிள் வாங்கினேன், எந்தக் கம்பெனி கார், எங்க வாங்கினேன்னு சொல்லல, வித்தவருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். இஞ்சினை ஒரு மணி நேரம் பார்த்தேன், சத்தமே இல்ல, சர்வீஸ் புக்ல எல்லா முத்திரையும் இருந்துச்சு. உள்ள ஒரு ஈர வாடை வந்தது, ஹீட்டர் போட்டா போயிடும்னு நினைச்சுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு டயர் மாத்த ஜாக்கி வச்சேன், கார் மேல வரல, ஜாக்கி உள்ள போச்சு, நொறுக்குன்னு ஒரு சத்தம், பிஸ்கட்டை உடைக்கிற மாதிரி. ரெண்டு பக்க சில்லையும் வெட்டி வெல்ட் பண்ண ஆன செலவு காரோட விலையைத் தொட்டுருச்சு. அன்னிக்கு என் மனைவி முகத்தைப் பார்த்தப்ப வந்த வருத்தம் இன்னும் இருக்கு, அதனாலதான் இவ்வளவு விரிவா எழுதறேன்.

அதனால காரைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணி, ஒரு டார்ச், துணில சுத்தின ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம் கொண்டு போங்க. போனதும் கதவைத் திறந்து மூக்கை வைங்க. பூசண வாடை வருதா, இல்ல அதை மறைக்க சென்ட் கார்டு மூணு நாலு தொங்குதா? சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்டைக் கையால நல்லா அழுத்துங்க, மேல காஞ்சிருக்கும், அடில இருக்கிற பஞ்சு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், அதனால விளிம்பைத் தூக்கிப் பாருங்க. சீட்டைத் தரையோட பிடிச்சிருக்கிற போல்ட்டுல துரு இருக்கா? டிக்கில கார்பெட்டுக்குக் கீழ தண்ணி நின்ன கோடு தெரியுதா? அப்புறம் வித்தவர்கிட்ட கேட்டுக்கிட்டு சீட்டுக்குப் பின்னாடி மூலைல மெதுவா தண்ணி ஊத்துங்க, பின் சக்கரத்துக்கு முன்னாடி அடில ஒழுகணும், ரெண்டு பக்கமும். ஒழுகலைன்னா அடைச்சிருக்கு. அடைப்பை எடுக்கிறது கஷ்டம் இல்ல, புல்வெட்டுற மெஷின்ல போடுற நைலான் கயிறை விட்டு ஆட்டினா போதும் (கம்பியை விடாதீங்க, குழாய் கிழிஞ்சுரும்), ஆனா எத்தனை வருஷமா அடைச்சிருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்.

காந்தத்தை சில்லோட பின் முனைலயும், பின் சக்கரத்து வளைவுலயும் ஓட்டிப் பாருங்க. இந்த ரெண்டு இடம்தான் எம்எக்ஸ்-5ல முதல்ல போறது. காந்தம் பிடிக்காத இடத்துல தகடு இல்ல, பூச்சு பூசி பெயின்ட் அடிச்சிருக்காங்க. பானெட்ல வச்சுட்டு பிடிக்கலையேன்னு பயந்துராதீங்க, அது அலுமினியம். அதுக்கப்புறம் மண்டி போட்டு அடிப்பக்கம் பாருங்க. துரு வராம அடிப்பக்கம் பூசுற கறுப்பு அண்டர்சீல் புதுசா, கெட்டியா அடிச்சிருந்தா நான் சந்தோஷப்பட மாட்டேன், எதுக்கு இப்ப அடிச்சீங்கன்னு கேட்பேன், துருவைச் சுரண்டிட்டு அடிச்சப்ப எடுத்த போட்டோ இருந்தா நல்லது, இல்லைன்னா சந்தேகம்தான். முடிஞ்சா பக்கத்துல இருக்கிற ஒரு கராஜ்ல காசு குடுத்து லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. அந்தக் காசுக்குக் கணக்குப் பார்க்காதீங்க. லிஃப்ட் கிடைக்கலைன்னா, கதவு எப்படி மூடுதுன்னு முதல்ல பார்த்துட்டு, ஒரு பக்கம் ஜாக்கி வச்சுத் தூக்கி திரும்ப மூடிப் பாருங்க. கதவு இடிச்சா, தூக்கி மூட வேண்டியிருந்தா, உடம்பு வளையுதுன்னு அர்த்தம். ஜாக்கியை மட்டும் நம்பி கார் அடில தலையை விடாதீங்க.

இதெல்லாத்துக்கும் முன்னாடி, வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அரசாங்க இணையதளத்துல நம்பர் பிளேட்டைப் போட்டா 2005ல இருந்து அந்தக் காரோட எம்ஓடி, அதாவது வருஷா வருஷம் பண்ற கட்டாய சோதனை, ரிப்போர்ட் எல்லாம் வரும், காசு கிடையாது. பாஸா ஃபெயிலான்னு பார்க்கிறதை விட அட்வைசரின்னு, அதாவது இப்ப பரவாயில்ல ஆனா கவனிங்கன்னு எழுதியிருக்கிறதை வருஷ வரிசைல படிங்க, அதுல காரோட வாழ்க்கையே இருக்கும். ஒரு வருஷம் "சில்லுல லேசான துரு"ன்னு இருக்கும், அடுத்த வருஷம் "துரு அதிகமாயிருக்கு"ன்னு இருக்கும், அதுக்கடுத்த வருஷம் ஒண்ணுமே இருக்காது. நடுவுல யாரோ வெல்ட் பண்ணியிருக்கணும், இல்ல மேல ஏதாவது பூசியிருக்கணும். எதுன்னு வித்தவர்கிட்டக் கேளுங்க, பில்லு இருக்கான்னு கேளுங்க. ஓடின மைலும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வரணும். அதோட கடன் பாக்கி இருக்கா, அடிபட்டு, ரிப்பேருக்குத் தேறாதுன்னு இன்ஷூரன்ஸ்காரங்க எழுதித் தள்ளின காரான்னு காசு குடுத்து செக் பண்ணிடுங்க. 2017 அக்டோபர்ல இருந்து அந்த மாதிரி கார்களை கேட்டகரி எஸ் (S), கேட்டகரி என் (N) அப்படின்னு பிரிச்சிருக்காங்க. எஸ்னா உடம்புல, அதாவது பாரம் தாங்குற தகட்டுல அடி பட்டது, என்னா அதுல அடி படாதது. கூரை இல்லாத கார்ல எஸ் இருந்தா நான் வாங்க மாட்டேன், எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும்.

இப்ப உங்க ரெண்டு காருக்கு வர்றேன். அந்த 2007 எம்எக்ஸ்-5 மூணாவது தலைமுறை, அதுல இஞ்சினுக்குள்ள வால்வை ஓட்டுறதுக்கு டைமிங் பெல்ட் இல்ல, செயின், அதனால பெல்ட் மாத்துற செலவு இல்ல. கூரை ஒரு லாச்சைக் கையால விடுவிச்சுட்டு பட்டனை அமுக்கிப் பிடிச்சா 12 செகண்ட்ல மடியணும். இஞ்சினை ஓட விட்டு மூணு தடவை திறந்து மூடிப் பாருங்க, ஒரே வேகத்துல போகணும், நடுவுல யோசிச்சு நிக்கக் கூடாது. ஆயில் டிப்ஸ்டிக்கை நீங்களே எடுத்துப் பாருங்க, குறைச்சலான ஆயில்லயே ஓட்டி அடி பேரிங் தட்டுற கார்கள் இந்தத் தலைமுறைல உண்டு, அதனால அளவு குறைஞ்சிருந்தா அந்த ஓனர் பானெட்டைத் திறக்கிறதே இல்லன்னு எடுத்துக்கலாம். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. இதுல வீல் அலைன்மென்ட் பண்ற நீள போல்ட்டு துரு பிடிச்சு புஷ்ஷோட ஒட்டிக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். ஓட்டும்போது ஒரு பக்கம் இழுத்தா, டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா, அந்தச் செலவை விலைல கழிக்கச் சொல்லுங்க.

மினி ஓட்ட ரொம்ப ஜாலியான கார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 2009 கூப்பர் எஸ்ல இருக்கிறது என்14னு சொல்ற டர்போ இஞ்சின், 2010லதான் அதை மாத்தினாங்க. அந்த இஞ்சின்ல டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பலவீனம், காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே டீசல் வண்டி மாதிரி கடகடன்னு கேட்கும், அதைக் கவனிக்காம விட்டா செயின் தாவி இஞ்சினே போயிடும். ஆயிலும் நிறையக் குடிக்கும். அதனால அந்தக் காரைப் பார்க்கப் போறீங்கன்னா, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு போன்லயே சொல்லிடுங்க, போனதும் பானெட்ல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க. கூரை ஹைட்ராலிக்ல, அதாவது எண்ணெய் அழுத்தத்துல ஓடுது, பம்ப் முனகுதா, டிக்கிப் பக்கம் எண்ணெய்க் கறை இருக்கான்னு பாருங்க.

என் முடிவு கேட்டா, 4,000 பவுண்டுக்கு எம்எக்ஸ்-5தான், ஆனா சில் சுத்தமா இருந்தா மட்டும். சில் போன எம்எக்ஸ்-5க்கும் செயின் மாத்தி பில்லு வச்சிருக்கிற மினிக்கும் நடுவுல தேர்ந்தெடுக்கணும்னா நான் மினியைத்தான் எடுப்பேன், ஏன்னா இஞ்சின் கெட்டா வேற இஞ்சின் போடலாம், உடம்பு அரிச்சா அடுத்த பக்கமும் அரிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். முழு 4,000த்தையும் குடுத்துடாதீங்க. ஒரு 600, 700 பவுண்ட் கையில இருக்கட்டும், முதல் வருஷம் டயர், பிரேக், பேட்டரின்னு ஏதாவது கேட்கும்.

கேள்வி: லெஸ்டர்ல இருக்கேன் சார். 1999 எம்ஜிஎஃப் கன்வர்டிபிள், 900 பவுண்டுக்கு வருது. ஹெட் கேஸ்கெட் மாத்தியாச்சுன்னு சொல்றாங்க. எல்லாரும் அந்தக் காரை வேண்டாம்னு பயமுறுத்துறாங்க. நெஜமாவே அவ்வளவு மோசமா?

பதில்: மோசம்னு சொல்ல மாட்டேன். அழகான கார், இஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி நடுவுல இருக்கு, அதனால வளைவுல அது திரும்புற விதமே தனி. ஆனா அந்த பயத்துக்கு காரணம் இருக்கு, காரணம் தெரிஞ்சா எதைப் பார்க்கணும்னு உங்களுக்கே புரியும். அதுல இருக்கிற கே சீரிஸ்ங்கற இஞ்சினை லேசா இருக்கணும்னு அலுமினியத்துல பண்ணினாங்க, அதுக்குள்ள கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி, ரொம்பக் கம்மியா பிடிக்கும். ரேடியேட்டர் காரோட மூக்குல, இஞ்சின் முதுகுல, நடுவுல கூலன்ட் போற குழாய்கள் காருக்கு அடில நீளமா ஓடுது. பழசானா அந்தக் குழாயில துரு. கொஞ்சம் ஒழுகினாலே இருக்கிற கூலன்ட்ல பெரிய பங்கு போயிடும், இஞ்சின் சட்டுனு சூடேறும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் போயிடும். ஹெட்டை இடம் பார்த்து நிறுத்துறதுக்கு ஆரம்பத்துல டவல்னு சொல்ற சின்ன முளையை பிளாஸ்டிக்ல போட்டிருந்தாங்க, அதுவும் ஒரு குறை, பின்னாடி ஸ்டீலுக்கு மாத்தினாங்க.

அதனால "மாத்தியாச்சு"ங்கற வார்த்தை உங்களுக்குப் போதாது. எப்ப, யாரு மாத்தினது, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டா, ஸ்டீல் டவல் போட்டாங்களா, ஹெட் தட்டையா இருக்கான்னு பார்த்தாங்களா, அடில ஓடுற குழாயையும் பார்த்தாங்களா, பில்லுல இதெல்லாம் எழுதியிருக்கா? கேஸ்கெட் மாத்தி, ஓட்டைக் குழாயை அப்படியே விட்டிருந்தா திரும்ப அதே கதைதான். நீங்க பார்க்கும்போது பின் டிக்கியைத் திறந்து இஞ்சின் பக்கம் இருக்கிற கூலன்ட் டப்பாவுல அளவு பாருங்க, இருபது நிமிஷம் ஓட்டிட்டு ஆறின பிறகு திரும்பப் பாருங்க. ஆயில் மூடிக்கு அடில மோர் மாதிரி வெள்ளையா இருந்தா கவனம், ஆனா குளிர்காலத்துல சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடின வண்டிலயும் ஈரம் சேர்ந்து அப்படி வரும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ஹீட்டர் நல்லா சூடா வருதான்னு பாருங்க, சிஸ்டத்துல காத்து மாட்டியிருந்தா வராது.

இன்னொரு விஷயம் சஸ்பென்ஷன். எம்ஜிஎஃப்ல சாதா ஸ்பிரிங் இல்ல, ஹைட்ராகேஸ்னு கேஸும் திரவமும் அடைச்ச குண்டு. கார் ஒரு பக்கமோ முழுக்கவோ தாழ்ந்து உட்கார்ந்திருந்தா அதுல அழுத்தம் போச்சு, அதை ஏத்துறதுக்குத் தனி பம்ப் வேணும், எல்லா கராஜ்லயும் இருக்காது. 2002ல இதுக்கு அடுத்து வந்த டிஎஃப் மாடல்ல இதை எடுத்துட்டு சாதா ஸ்பிரிங் போட்டுட்டாங்க, அதனால தினமும் ஓட்டுற ஆசை இருந்தா கொஞ்சம் கூடக் குடுத்து டிஎஃப் பாருங்க. இதைச் செஞ்ச எம்ஜி ரோவர் கம்பெனி 2005 ஏப்ரல்லயே விழுந்துடுச்சு, ஆனாலும் அந்தக் காரை நேசிக்கிறவங்க நிறைய பேர் இருக்கிறதால பார்ட்ஸ் கிடைக்குது. நீங்களே கையைப் போட்டு வேலை பார்க்கிற ஆளா இருந்தா 900 பவுண்டுக்கு நல்ல சந்தோஷம். காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போயே ஆகணும், இது ஒண்ணுதான் வண்டின்னா வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் குரோய்டன்ல நர்ஸா வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் ஈரோடு. 2001 எம்எக்ஸ்-5 ஒண்ணு நல்ல விலைல வருது, ஓனர் தங்கமா வச்சிருக்காரு. தினமும் ட்யூட்டிக்கு அதுலயே போகலாமா?

பதில்: தங்கச்சி, காரைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி யூலெஸ், அதாவது புகை அதிகம் விடுற வண்டிக்கு லண்டன்ல வாங்குற தினசரி கட்டணம். 2023 ஆகஸ்ட் 29ல இருந்து குரோய்டனும் சேர்த்து லண்டன் முழுக்க அது வந்துருச்சு. கார் தேறலைன்னா ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட், மாசம் 20 நாள் ட்யூட்டின்னா 250 பவுண்ட், வருஷத்துக்கு 3,000. பெட்ரோல் கார் யூரோ 4ங்கற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துல இருக்கணும், பெரும்பாலும் 2005க்கு அப்புறம் பதிவானது தேறிடும், ஆனா 2001ல இருந்தே தேறுற கார்களும் உண்டு, அதனால வருஷத்தை வச்சு முடிவு பண்ணாம அந்தக் காரோட நம்பரையே லண்டன் போக்குவரத்துக் கழகத்து இணையதளத்துல போட்டுப் பாருங்க. தேறலைன்னா ஓனர் எவ்வளவு தங்கமா வச்சிருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம்.

தேறிச்சுன்னா, நல்ல கார்தான். ரெண்டாவது தலைமுறை, பின் கண்ணாடி நிஜக் கண்ணாடி, முதல் தலைமுறைல வந்த பிளாஸ்டிக் மாதிரி மங்காது, குளிர்ல மடிச்சா விரிசல் விடாது. டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு தடவை, எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க. இந்தத் தலைமுறைக்குன்னே ஒரு வியாதி இருக்கு, முன் பக்கம் சேஸிஸ் கம்பம் ரெண்டு அடுக்குத் தகடா இருக்கும், நடுவுல ஈரம் தேங்கி உள்ள இருந்து அரிக்கும். வெளிய தெரியும்போது ரொம்ப லேட். மோதினா உங்களைக் காப்பாத்துற பாகம் அதுதான், அதனால லிஃப்ட்ல ஏத்தாம வாங்கவே வாங்காதீங்க, உங்க கூடப் பிறந்தவனா சொல்றேன். காலைல குளிர்ல ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும், அது சகஜம், சூடான பிறகும் உரசினா சகஜம் இல்ல. நைட் ட்யூட்டிக்குப் போறவங்கன்னா வெளிய நிறுத்தும்போது கூரையைக் கத்தியால கிழிக்கிற திருடனுங்க உண்டு, உள்ள பையை வச்சுட்டுப் போகாதீங்க.

கேள்வி: மில்டன் கீன்ஸ்ல இருந்து எழுதறேன். ரிடையர் ஆன ஒரு பெரியவர் 2004 மினி கன்வர்டிபிள் விக்கிறார், 19,000 மைல்தான் ஓடியிருக்கு, வருஷம் ஆயிரம் மைல் கூட இல்ல. கண்டிப்பா புதுசு மாதிரிதான இருக்கும்?

பதில்: இந்த நினைப்பு நிறைய பேருக்கு இருக்கு. கன்வர்டிபிள் பெரும்பாலும் வீட்டுல ரெண்டாவது கார், ஞாயித்துக்கிழமை வண்டி, அதனால மைல் கம்மியா இருக்கிறது சாதாரணம், அதை வச்சு காரை எடை போட முடியாது. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, ஓடாம நின்ன வண்டி ஓடின வண்டியை விடச் செலவு வைக்கும். பிரேக் டிஸ்க் துரு ஏறும், அந்த டிஸ்க்கைப் பிடிக்கிற கேலிப்பர் சிக்கிக்கும், ரப்பர் சீல் எல்லாம் காஞ்சு வெடிக்கும். ஆயிலை மைல் கணக்குல மாத்தாம வருஷக் கணக்குல மாத்தியிருக்காரான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2314ன்னு இருந்தா 2014ல 23வது வாரம் செஞ்சது. டயர்ல பூ அழியாம புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கட்டையா ஆயிருக்கும், மழைல பிரேக் அடிச்சா வழுக்கும்.

அந்த 2004 மினில இருக்கிறது பழைய இஞ்சின், பிரேசில்ல செஞ்சது, முன்னாடி சொன்ன செயின் பிரச்சனை இதுக்கு இல்ல. ஆட்டோமேட்டிக் சிவிடி கியர்பாக்ஸா இருந்தா விட்டுடுங்க. மேனுவல்னா பவர் ஸ்டீயரிங் பம்ப் ஊளையிடுதான்னு நின்ன இடத்துல முழுசா திருப்பிக் கேளுங்க. கூரை முதல்ல 40 சென்டிமீட்டர் பின்னாடி நகர்ந்து சன்ரூஃப் மாதிரி நிக்கும், அப்புறம் முழுசா மடியும், மொத்தம் 15 செகண்ட். ரெண்டையும் தனித்தனியா ஓட்டிப் பாருங்க. பெரியவர் கராஜுக்குள்ள வச்சிருந்து, வாரம் ஒரு தடவையாவது நல்லா சூடேற ஓட்டியிருந்தா தாராளமா வாங்குங்க. அவர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க, கார் மேல பிரியமா இருக்கிறவங்க பேச்சுலயே தெரிஞ்சுரும்.

கேள்வி: ஒரு டீலர்கிட்ட கன்வர்டிபிள் வாங்கி 16 நாள் ஆச்சு, கூரை பாதில நின்னுருச்சு. பார்த்து வாங்கிட்டீங்க, நாங்க பொறுப்பில்லன்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல கூரையை கையால மூடுற முறை மேனுவல்ல இருக்கும், மூடிடுங்க, மழை உள்ள போகக் கூடாது. அப்புறம் இன்னிக்கே எழுத்துல அனுப்புங்க, போன்ல பேசி நாளைக் கடத்தாதீங்க. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி டீலர்கிட்ட வாங்கின கார்ல வாங்கும்போதே குறை இருந்திருந்தா முதல் 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம், உங்களுக்கு இன்னும் 14 நாள் இருக்கு. குறை அப்பவே இருந்துச்சுன்னு ஒரு மெக்கானிக்கோட ரிப்போர்ட் கையில இருந்தா பேச்சு சுலபமா முடியும். 30 நாள் தாண்டிட்டா ரிப்பேர் பண்ண அவங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கணும், அதுலயும் சரியாகலைன்னா திருப்பிக் குடுக்கலாம், ஆறு மாசத்துக்குள்ளன்னா குறை வாங்கும்போது இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. "பார்த்து வாங்கிட்டீங்க"ன்னு பில்லுல எழுதினாலும் அந்த உரிமை போகாது. தனி ஆள்கிட்ட வாங்கியிருந்தா இதெல்லாம் கிடையாது, பெரும்பாலும் அவர் விளம்பரத்துல சொன்னதுக்கு மாறா கார் இருந்தாத்தான் கேட்க முடியும், அதனால தனி ஆள்கிட்ட வாங்குறவங்க அந்த விளம்பரத்தை வாங்குறதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.